9 வோல்ட் எங்கே தொலைகிறது? வீட்டில் செய்த கிட்டார் பெடலில் பவர் கோளாறு பார்க்கும் வழி

போன டிசம்பரில், கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடிந்த கையோடு, முட்டத்திலிருந்து ஒரு பையன் வீட்டுக்கு வந்தான். பைக்குள் ஒரு அலுமினியப் பெட்டி. உள்ளே அவனே டாட் போர்டில் (புள்ளி புள்ளியாகச் செப்பு வளையம் உள்ள அட்டை) ஈயம் வைத்துக் கட்டிய ஓவர்டிரைவ் பெடல், கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்குவது.

"அண்ணே, எல்லாம் கரெக்டாத்தான் இருக்கு. உசிரு மட்டும் இல்ல."

ஐசியை மூன்று முறை மாற்றிவிட்டான். டயோடுகளைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டி, போர்டின் செப்பு வளையம் இரண்டு பெயர்ந்தே வந்துவிட்டது. கிறிஸ்துமஸ் கேரல் ரவுண்ட்ஸ் தொடங்க எட்டு நாள்தான் இருந்தது.

"9 வோல்ட் ஐசி வரைக்கும் வருதான்னு பாத்தியா மக்கா?"

"அடாப்டர்ல வருதுண்ணே."

அடாப்டரில் வருகிறது என்பதற்கும் ஐசியில் வருகிறது என்பதற்கும் நடுவே ஏழெட்டு இடம் இருக்கிறது. டிசி ஜாக், பேட்டரி கிளிப், இன்புட் ஜாக், பாதுகாப்பு டயோடு, வடிகட்டும் ரெசிஸ்டர், பெரிய கெப்பாசிட்டர், போர்டின் தடம், ஐசி சாக்கெட். இதில் எந்த இடத்திலும் 9 வோல்ட் தொலைந்து போகலாம். பெடல் ஊமையாக இருந்தாலும், உம்மென்று முனகினாலும், வாசித்துக்கொண்டிருக்கும்போதே மூச்சை விட்டாலும் முதலில் பவரைப் பாருங்கள். பவர் சரியில்லாத போர்டில் சிக்னலைத் தேடுவது, மோட்டார் ஓடாத கிணற்றடியில் நின்று குழாயைத் தட்டிப் பார்ப்பது மாதிரி.

அந்தப் பையனின் பெட்டியில் என்ன கோளாறு என்பதை அந்த இடம் வரும்போது சொல்கிறேன்.

மேசையில் இருக்க வேண்டியவை

மல்டிமீட்டர் ஒன்று, சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் மஞ்சள் மீட்டரே போதும். புது 9 வோல்ட் பேட்டரி ஒன்று. 100 ஓம் கால் வாட் ரெசிஸ்டர் ஒன்று, 220 ஓம் அரை வாட் ரெசிஸ்டர் ஒன்று. இரண்டு முனையிலும் முதலைக் கிளிப் வைத்த ஒயர் நாலைந்து. சர்க்யூட் படம் காகிதத்தில் இருக்கட்டும். போனில் வைத்துப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்ப்பதில் பாதி கோளாறு கண்ணுக்குத் தப்பும்.

பெடலுக்குள் இருப்பது 9 வோல்ட், தொட்டால் ஒன்றும் செய்யாது. அடாப்டருக்குள் இருப்பது வீட்டுக் கரண்டு, 230 வோல்ட். அடாப்டர் செத்தால் வேறு வாங்குங்கள், திறக்க வேண்டாம்.

முதலில் பெடலுக்கு வெளியே

கிட்டார் பெடல் உலகின் வழக்கம் 9 வோல்ட் டிசி, நடுப் பின் மைனஸ், வெளி உறை பிளஸ். பின்னின் வெளி அளவு 5.5 மில்லிமீட்டர், உள் ஓட்டை 2.1 மில்லிமீட்டர். நம் ஊர்க் கடையில் "9 வோல்ட் எலிமினேட்டர்" என்று கேட்டால் தருவது பெரும்பாலும் நடுப் பின் பிளஸ் வைத்தது. ரேடியோவுக்கும் ரௌட்டருக்கும் அதுதான் வேண்டும், நமக்கு நேர் எதிர். அடாப்டர் முதுகில் ஒரு வட்டமும் அரைவட்டமும் பிளஸ் மைனஸ் குறிகளும் அச்சாகியிருக்கும். அதைப் படியுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள்.

மீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். கறுப்பு முனை பின் ஓட்டைக்குள், சிவப்பு முனை வெளி உறையில். 9-க்குப் பக்கத்தில் மைனஸ் குறி இல்லாமல் வந்தால் துருவம் சரி. மைனஸ் 9 என்று வந்தால் அடாப்டர் தலைகீழ். 12, 13 என்று காட்டினால் அது டிரான்ஸ்பார்மர் வைத்த பழைய வகை, வோல்ட்டை ஒரே அளவில் நிறுத்தும் ரெகுலேட்டர் இல்லாதது. சுமை ஏறினால்தான் இறங்கும். ஒன்றுமே காட்டாமல், அடாப்டர் மட்டும் கனமாக, லேசாகச் சூடாக இருந்தால் முதுகை மறுபடி படியுங்கள். ஏசி வெளியிடும் 9 வோல்ட் அடாப்டர்களும் உண்டு, அவை நமக்கு ஆகாது.

வெறும் வோல்ட் அளவு போதாது, சுமை கொடுத்துப் பார்க்க வேண்டும். 220 ஓம் ரெசிஸ்டரை அடாப்டரின் இரண்டு முனைக்கும் குறுக்கே பிடித்தால் சுமார் 40 மில்லியாம்பியர் ஓடும். அப்போதும் 9 நின்றால் நல்ல அடாப்டர். பேட்டரிக்கும் இதே சோதனைதான். மேசை டிராயரில் கிடந்த பேட்டரி சும்மா இருக்கும்போது 8.6 காட்டும்; 220 ஓம் வைத்ததும் 5-க்குச் சரிந்தால் சுவர்க் கடிகாரத்துக்குக்கூட அது உதவாது. சுமை இல்லாமல் அளந்துவிட்டு "பேட்டரி புதுசுதான்" என்று சாதிக்கிறவர்களோடு நான் வாதம் பண்ணுவதில்லை, ரெசிஸ்டரைக் கையில் கொடுத்துவிடுவேன்.

கரண்டு கொடுக்கும் முன்னால்

எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, மீட்டரை 20 கிலோ ஓமில் வைத்து, போர்டின் 9 வோல்ட் தடத்தில் சிவப்பும் கிரவுண்டில் கறுப்புமாக வையுங்கள். எண் சிறியதாகத் தொடங்கி மெதுவாக ஏறினால், பெரிய கெப்பாசிட்டர் நிரம்புகிறது, நல்ல அறிகுறி. ஏறி எங்காவது சில கிலோ ஓமிலோ அதற்கு மேலோ நிற்கும். ஏறாமல் 0-விலேயே ஒட்டிக்கொண்டு நின்றால் ஷார்ட். முனைகளை மாற்றி வைத்தால் பாதுகாப்பு டயோடு வழியே வேறு எண் வரும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

ஷார்ட் இருந்தால் டாட் போர்டில் தேட வேண்டிய இடம் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகளுக்கு நடுவே ஈயம் வழிந்த இடுக்கு. வெரோ போர்டு (நீள நீளமாகச் செப்புத் தடம் உள்ள அட்டை) என்றால் தடத்தை வெட்டிய இடங்கள். வெட்டு முழுதாக விழாமல் தலைமுடி அளவு செப்பு பாக்கி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. பிளேடு நுனியால் எல்லா இடுக்கையும் ஒருமுறை கீறிவிட்டு மறுபடி அளங்கள்.

முதல் தடவை உயிர் கொடுப்பது

இங்கே நான் ஒருபோதும் அடாப்டரைச் செருகுவதில்லை. பேட்டரியின் பிளஸ்ஸுக்கும் போர்டின் பிளஸ்ஸுக்கும் நடுவே 100 ஓம் ரெசிஸ்டரை வைத்துக் கொடுப்பேன். இதில் இரண்டு லாபம். உள்ளே ஷார்ட் இருந்தாலும் 90 மில்லியாம்பியருக்கு மேல் ஓடாது, ஐசி பிழைக்கும். இன்னொன்று, ரெசிஸ்டரின் இரண்டு காலுக்கும் குறுக்கே வோல்ட் அளந்தால் பெடல் எவ்வளவு கரண்டு குடிக்கிறது என்று தெரிந்துவிடும். 1 வோல்ட் என்றால் 10 மில்லியாம்பியர், 0.3 வோல்ட் என்றால் 3.

இரண்டு டிரான்சிஸ்டர் வைத்த ஃபஸ் (சத்தத்தை இன்னும் முரட்டுத்தனமாகக் கரகரக்க வைக்கும் பெடல்) என்றால் எல்இடி போக ஓரிரு மில்லியாம்பியர்தான் இழுக்கும். டிஎல்072 அல்லது 4558 வைத்த ஓவர்டிரைவ் 5 முதல் 10 வரை. பிடி2399 ஐசி வைத்த டிலே (எதிரொலி) பெடல் 30-ஐத் தாண்டும். உங்கள் ஃபஸ் 40 இழுத்தால் எங்கோ ஓட்டை. ரெசிஸ்டரின் மேல் 9 வோல்ட்டும் விழுந்தால் முழு ஷார்ட். சட்டென்று கழற்றுங்கள், அந்தக் கால் வாட் ரெசிஸ்டர் விரலைச் சுடும். சுத்தமாக 0 என்றால் கரண்டு போர்டுக்குள்ளேயே நுழையவில்லை, கோளாறு ஜாக் பக்கம்.

ஒன்று மறந்துவிடாதீர்கள்: பேட்டரியில் சோதிக்கும்போது இன்புட்டில் கேபிள் செருகியிருக்க வேண்டும். ஏன் என்பதுதான் அடுத்த விஷயம்.

இரண்டு ஜாக்குகள்

வீட்டில் செய்த பெடல்களில் நான் பார்த்த பவர் கோளாறுகளில் பெரும்பாதி இங்கேதான். போர்டில் கவனமாக இருக்கிறவர்கள் ஒயர் இழுக்கும்போது அவசரப்படுகிறார்கள்.

பெடலுக்குத் தனியாக ஆன் ஆஃப் சுவிட்ச் கிடையாது. இன்புட் ஜாக்தான் சுவிட்ச். அது ஸ்டீரியோ ஜாக்: நுனி, நடு வளையம், உறை என்று மூன்று தொடுகை. நுனியில் கிட்டார் சிக்னல், உறையில் போர்டின் கிரவுண்ட், நடு வளையத்தில் பேட்டரியின் கறுப்பு ஒயர். கிட்டார் கேபிளின் பிளக் மோனோ. அதைச் செருகினால் அதன் உலோக உடம்பு நடு வளையத்தையும் உறையையும் ஒன்றாக்கிவிடும். பேட்டரியின் மைனஸ் கிரவுண்டோடு சேரும், பெடல் உயிர் பெறும். உருவினால் அணையும். கறுப்பு ஒயரை நுனியில் ஈயம் வைத்தவர்கள் உண்டு. நேராக உறையிலேயே வைத்து, ராத்திரி முழுக்க பேட்டரியைக் கரைத்தவர்களும் உண்டு. ஸ்டீரியோ பிளக் வைத்த கேபிளைக் கிட்டாரிலிருந்து இன்புட்டுக்கு இழுத்துவிட்டு "பேட்டரியில ஓட மாட்டேங்குது" என்று என் வாசலில் வந்து நின்றவர் ஒருவர். அந்தக் கேபிளில் வளையமும் உறையும் தனித்தனி, எப்படி ஓடும்?

டிசி ஜாக்கிலும் மூன்று கால். ஒன்று நடுப் பின், அது கிரவுண்டுக்கு. ஒன்று வெளி உறை, அது போர்டின் 9 வோல்ட்டுக்கு. மூன்றாவது கால் சும்மா இருக்கும்போது வெளி உறையைத் தொட்டுக்கொண்டிருக்கும், அடாப்டரைச் செருகினால் விலகிவிடும். பேட்டரியின் சிவப்பு ஒயர் அந்த மூன்றாவது காலில். அடாப்டர் வந்ததும் பேட்டரி தானாக ஒதுங்க வேண்டும், அவ்வளவுதான் ஏற்பாடு. வெளி உறையை ஏன் பிளஸ் ஆக்கினார்கள் என்ற கேள்விக்கும் இதுவே பதில்: விலகும் தொடுகை உறைப் பக்கம் இருக்கிறது, கிரவுண்டை வெட்டாமல் பிளஸ்ஸை வெட்ட அதுதான் வசதி.

எந்தக் கால் எது என்று கண்ணால் ஊகிக்காதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி வரிசை மாறும். ஒயர் எதுவும் இல்லாத ஜாக்கைக் கையில் எடுத்து, மீட்டரை பீப்பில் (இரண்டு முனையும் இணைந்தால் ஒலிக்கும் நிலை) வைத்துப் பாருங்கள். எந்த இரண்டு கால் பீப் அடிக்கிறதோ அவைதான் உறையும் மூன்றாவது காலும். தனியாக நிற்பது நடுப் பின். பிறகு வெறும் பிளக்கைச் செருகி, அந்த இரண்டில் எது பிளக்கின் உறையோடு பேசுகிறது என்று பார்த்தால் முடிந்தது. ஈயம் வைக்கும்போது சூடு அதிகமானால் பிளாஸ்டிக் உருகி அந்தத் தொடுகை வளைந்துவிடும், அதனால் வைத்த பிறகும் ஒருமுறை பீப் பாருங்கள்.

அடாப்டரில் ஓடி பேட்டரியில் ஓடாவிட்டால் கோளாறு நடு வளையத்திலோ மூன்றாவது காலிலோ பேட்டரி கிளிப்பிலோதான். பேட்டரியில் ஓடி அடாப்டரில் ஓடாவிட்டால் அடாப்டரின் துருவம், இல்லையேல் டிசி ஜாக். இரண்டிலும் ஓடாவிட்டால் போர்டுக்குள் போகலாம்.

கறுப்பு நிற்கட்டும், சிவப்பு நடக்கட்டும்

கறுப்பு முனையை முதலைக் கிளிப்பால் இன்புட் ஜாக்கின் உறையில் மாட்டிவிடுங்கள். வேலை முடியும்வரை அது அங்கேயே இருக்கட்டும். இனி ஒரு கைதான் வேலை செய்ய வேண்டும். சிவப்பு முனையை 9 வோல்ட் போகும் வழியிலேயே நடத்திக்கொண்டு போங்கள்: டிசி ஜாக்கின் கால், அங்கிருந்து போகும் ஒயரின் மறுமுனை, டயோடின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், ரெசிஸ்டரின் இந்தப் பக்கம், அந்தப் பக்கம், கெப்பாசிட்டரின் பிளஸ், ஐசியின் கால். ஒவ்வொரு எண்ணையும் படத்திலேயே பென்சிலால் எழுதுங்கள். ஒரு இடத்தில் 9 இருந்து அடுத்த இடத்தில் இல்லை என்றால் கோளாறு அந்த இரண்டுக்கும் நடுவே. இதற்கு எலக்ட்ரானிக்ஸ் தெரிய வேண்டாம், அவசரம் இல்லாமல் இருந்தால் போதும்.

இதில் ஒரு நுணுக்கம். முனையை ஈயத்தின் மேல் வைக்காமல், பாகத்தின் காலின் மேல் வையுங்கள். ஐசி என்றால் சாக்கெட்டை அல்ல, ஐசியின் காலையே தொடுங்கள். டிரை சால்டரில் ஈயத்தில் 9 இருக்கும், கால் ஈயத்துக்குள் நின்றும் தொடாமல் இருக்கும். ஐசியைச் செருகும்போது ஒரு கால் உள்பக்கமாக மடங்கி வயிற்றுக்கடியில் படுத்திருந்தால் மேலிருந்து பார்க்க எல்லாம் சரியாகவே தெரியும்.

டயோடில் படிக்க வேண்டிய எண்கள் இவை. 1என்5817 ஷாட்கி டயோடைத் தொடராக வைத்திருந்தால் 0.2 முதல் 0.3 வோல்ட் குறையும், 1என்4001 என்றால் 0.6, 0.7. அது இயல்பு. இந்தப் பக்கம் 9, அந்தப் பக்கம் 0 என்றால் டயோடு திரும்பியிருக்கிறது. கோடு போட்ட முனை போர்டின் பக்கம் வர வேண்டும். சில படங்களில் டயோடு தொடராக இல்லாமல் 9 வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் குறுக்கே நிற்கும். அங்கே கோடு போட்ட முனை பிளஸ் பக்கம். அதைத் திருப்பி வைத்துவிட்டால் பவர் தடம் முழுவதும் 0.7, 0.8 வோல்ட்டில் படுத்துக் கிடக்கும். பவர் தடத்தில் இந்த எண்ணைப் பார்த்ததுமே வேறு எதையும் தேடாமல் டயோடைப் பார்க்கலாம். மைனஸ் 0.7 என்று வந்தால் டயோடு சரி, அடாப்டர் தலைகீழ். டயோடு தன் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. நெடுநேரம் அப்படி விட்டிருந்தால் அது உள்ளுக்குள் ஒட்டிப்போய், சரியான அடாப்டரைச் செருகினாலும் 0 காட்டும். அதன் ஒரு காலைத் தூக்கிவிட்டு அளந்தால் 9 திரும்பி வருகிறதா பாருங்கள். வந்தால் புது டயோடு போட வேண்டியதுதான்.

இரைச்சலை வடிகட்ட வைக்கும் 100 ஓம் ரெசிஸ்டரையும் கவனியுங்கள். 100 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரோடு சேர்ந்து அது 16 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள ஊசலை அடக்கும், நல்ல ஜோடி. ஓவர்டிரைவில் அது தின்பது அரை வோல்ட், ஒரு வோல்ட். ஆனால் அதே ரெசிஸ்டரை டிலே பெடலில் போட்டால் 40 மில்லியாம்பியருக்கு 4 வோல்ட் போய்விடும். 5 வோல்ட் ரெகுலேட்டருக்கு உள்ளே வருவதே 5 என்றால் அது வெளியே என்ன தரும்? ஒரு பெடலுக்குச் சரியான மதிப்பை இன்னொன்றுக்குக் கண்ணை மூடிக்கொண்டு நகல் எடுப்பதால் வரும் கோளாறு இது. பாஸ் கம்பெனியின் பழைய பெடல்களின் படங்களிலும் இதன் தங்கை உண்டு. ரெகுலேட்டர் இல்லாத 12 வோல்ட் அடாப்டருக்கென்று அடாப்டர் வழியில் மட்டும் ஒரு டயோடும் ரெசிஸ்டரும் வைத்திருப்பார்கள். அதை அப்படியே கட்டி இன்றைய 9 வோல்ட் அடாப்டரைச் செருகினால் எல்இடி மங்கும், சத்தம் நொண்டும், பேட்டரியில் மட்டும் நன்றாக ஓடும்.

எல்இடி எரிவதை வைத்து எதையும் முடிவு பண்ணாதீர்கள். அது பெரும்பாலும் டிசி ஜாக்கிலிருந்து நேராகத் தன் ரெசிஸ்டர் வழியே கால் சுவிட்சுக்குப் போகிறது. போர்டு செத்துக் கிடந்தாலும் எல்இடி சிரித்துக்கொண்டிருக்கும்.

ஐசியின் காலில்: 9, 0, 4.5

டிஎல்072, 4558 போன்ற எட்டுக் கால் ஐசியில் 8-வது கால் பிளஸ், 4-வது கால் கிரவுண்ட். 8-ல் 9-க்குக் கொஞ்சம் கீழே, 4-ல் சுத்தமான 0. 4-ல் 2, 3 வோல்ட் என்று ஏதாவது தெரிந்தால் கிரவுண்ட் ஒயர் விட்டுப் போயிருக்கிறது. இது பலரும் பார்க்காத இடம். பிளஸ்ஸையே தேடித் தேடி அலுத்துப் போவார்கள்.

ஒற்றை 9 வோல்ட்டில் ஓடும் ஐசிக்கு நடுநிலை ஒன்று வேண்டும். இரண்டு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வைத்து 9-ஐப் பாதியாக்கி, ஒரு கெப்பாசிட்டரால் அதை அசையாமல் நிறுத்துவார்கள். அந்த நடுப்புள்ளியில் 4.5 வர வேண்டும். ஐசியின் வெளியீட்டுக் கால்கள் 1, 7 இரண்டிலும் அதே 4.5. வெளியீடு 8 வோல்ட்டிலோ 1 வோல்ட்டிலோ போய் ஒட்டிக்கொண்டிருந்தால் நடுநிலை அந்தப் பாதிக்குப் போய்ச் சேரவில்லை என்று அர்த்தம். சத்தம் தும்மித் தும்மி வருவதும், பலமாக அடித்தால் மட்டும் கேட்பதும் இதனால்தான். நடுப்புள்ளியே 1, 2 வோல்ட்டில் இருந்தால் அங்கே நிற்கும் எலக்ட்ரோலைட்டிக் கெப்பாசிட்டர் திரும்பியிருக்கலாம், அல்லது 10 கிலோ ஓமுக்குப் பதில் 100 கிலோ ஓம் ஒன்று நுழைந்திருக்கலாம். பழுப்பு, கறுப்பு வரையில் இரண்டுக்கும் ஒரே நிறம். மூன்றாவது வளையம் ஆரஞ்சா மஞ்சளா என்பதை டியூப்லைட் வெளிச்சத்தில் யாரும் தவறவிடலாம்.

ஒரு பொறியைச் சொல்ல வேண்டும், நானே இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுவதையும் தொலைத்திருக்கிறேன். இன்புட் கால் 3-ஐ அளந்தேன், 2.25 காட்டியது. 4.5 அல்லவா வர வேண்டும் என்று நடுநிலை ரெசிஸ்டர், கெப்பாசிட்டர் எல்லாவற்றையும் மாற்றினேன். அப்போதும் 2.25. சாயங்காலம் ஏத்தன்பழ பஜ்ஜியும் சாயாவும் உள்ளே போன பிறகுதான் உறைத்தது. அந்தக் காலுக்கு 4.5 வருவது 1 மெகா ஓம் ரெசிஸ்டர் வழியாக. என் மலிவு மீட்டரின் உள் எதிர்ப்பும் 1 மெகா ஓம். இரண்டும் சேர்ந்து 4.5-ஐச் சரிபாதியாக்கிவிட்டன. போர்டில் கோளாறே இல்லை, அளக்கப் போன மீட்டர்தான் கோளாறு. 10 மெகா ஓம் மீட்டராக இருந்தால் 4.1 காட்டியிருக்கும். அதனால் உள்ளீட்டுக் கால்களை விட்டுவிட்டு வெளியீட்டுக் கால்களை அளங்கள், அவை பொய் சொல்லாது.

ரெகுலேட்டரும் சார்ஜ் பம்ப்பும்

பிடி2399-க்கு 5 வோல்ட் வேண்டும். 7805-ஐ எழுத்து நம்மைப் பார்க்க வைத்தால் இடமிருந்து வலம் உள்ளே, கிரவுண்ட், வெளியே. அதன் குட்டித் தம்பி 78எல்05-ஐத் தட்டை முகம் நம்மைப் பார்க்க வைத்தால் வரிசை தலைகீழ்: வெளியே, கிரவுண்ட், உள்ளே. பெரியதுக்குப் பதில் சிறியதை அதே ஓட்டையில் செருகினால் மாட்டிக்கொண்டீர்கள்.

9-ஐ 18 ஆக்கவோ மைனஸ் 9 ஆக்கவோ 7660, மேக்ஸ்1044 என்ற சார்ஜ் பம்ப் ஐசி வைத்திருந்தால், சாதாரண 7660-யும் மேக்ஸ்1044-ம் 10 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. ரெகுலேட்டர் இல்லாத 12 வோல்ட் எலிமினேட்டர் பட்டால் அதோடு சரி. மைனஸ் 9 எடுக்கும் இடத்தில் கெப்பாசிட்டரின் பிளஸ் கால் கிரவுண்டுக்குப் போக வேண்டும். பழக்கதோஷத்தில் எல்லோரும் மைனஸ் காலைத்தான் கிரவுண்டில் வைப்போம், கெப்பாசிட்டர் சூடாகி உச்சி உப்பும்.

உயிர் இருக்கிறது, ஆனால் முனகுகிறது

முனகலின் சுருதியைக் கேட்டே பாதி கண்டுபிடிக்கலாம். நம் கரண்டு 50 ஹெர்ட்ஸ். அடாப்டருக்குள் அதை டிசியாக மடக்கும்போது மிஞ்சும் ஊசல் 100 ஹெர்ட்ஸ். கிட்டாரில் ஆறாவது கம்பியின் மூன்றாவது ஃப்ரெட் 98 ஹெர்ட்ஸ். கெயினைக் குறைத்து வைத்து அந்த ஸ்வரத்தை வாசியுங்கள். முனகலும் அதுவும் கிட்டத்தட்ட ஒன்றாகி நொடிக்கு இரண்டு தடவை அலையடித்தால் குற்றவாளி அடாப்டரின் ஊசல், அல்லது காய்ந்துபோன வடிகட்டும் கெப்பாசிட்டர். பேட்டரி போட்டால் அடங்க வேண்டும். முனகல் அதற்கு ஒரு ஸ்தாயி கீழே இருந்து, பேட்டரியிலும் அடங்காவிட்டால் அது பவர் அல்ல; பெட்டி கிரவுண்டோடு சேராதது, கேபிளின் உறை விட்டது போன்ற கதை. திருவிழாப் பந்தலில் முனகலின் சுருதியே ஏறி இறங்கினால் குழம்ப வேண்டாம், ஜெனரேட்டரின் வேகம் மாறுகிறது.

கீச்சென்ற சத்தம் வேறு ஜாதி. 7660 இயல்பாக 10 கிலோ ஹெர்ட்ஸில் அடிக்கும், காதுக்குக் கேட்கும். 7660எஸ், மேக்ஸ்1044 வகைகளில் 1-வது காலைப் பிளஸ்ஸில் சேர்த்தால் அது கேட்கும் எல்லையைத் தாண்டிப் போகும். ஒரே அடாப்டரிலிருந்து ஐந்து பெடலுக்குச் சங்கிலியாக ஒயர் இழுத்திருந்தால் டிலேயின் கீச்சு ஃபஸ்ஸில் வந்து பெருகும். டிலேவுக்குத் தனி அடாப்டர் கொடுங்கள். ஜெர்மானியம் பிஎன்பி டிரான்சிஸ்டர் வைத்த பழைய பாணி ஃபஸ் பிளஸ்ஸைக் கிரவுண்டாக வைத்தது. அதைச் சங்கிலியில் மாட்டினால் மொத்தச் சங்கிலியும் ஷார்ட். அதற்குப் பேட்டரிதான் அழகு.

பெட்டிக்கு வெளியே பாடுகிறது, உள்ளே ஊமை

முட்டத்துப் பையனுக்கு வருவோம். அவன் போர்டில் நான் சொன்ன எல்லா இடத்திலும் 9 ஒழுங்காக இருந்தது. மேசையில் எல்லாவற்றையும் விரித்துப் போட்டால் பாடியது. பெட்டிக்குள் ஏற்றி நட்டை முடுக்கியதும் ஊமை. அடாப்டரின் பச்சை விளக்கை அப்போதுதான் கவனித்தேன், மினுக் மினுக்கென்று அடித்துக்கொண்டிருந்தது. ஷார்ட்டைப் பார்த்ததும் தன்னைத் தானே அணைத்து, மறுபடி முயன்று, மறுபடி அணைக்கிறது.

டிசி ஜாக்கை நட்டிலிருந்து கழற்றி வெளியே தொங்கவிட்டேன். விளக்கு நிலைத்தது. பார்த்தால் அது முழு உலோக ஜாக். வெளி உறை பிளஸ் என்று முன்னாலேயே சொன்னேன். அந்த உறையும் ஜாக்கின் மரையும் ஒரே உலோகம். பெட்டியோ இன்புட் ஜாக் வழியாகக் கிரவுண்ட். நட்டை முடுக்கினால் பிளஸ்ஸும் மைனஸும் பெட்டியிலேயே கைகுலுக்குகின்றன. மூன்று ஐசியும் சாகவே இல்லை. பிளாஸ்டிக் உடம்பு ஜாக் ஒன்றை மாட்டினோம், பத்து நிமிட வேலை.

பெட்டிக்குள் இன்னும் சில எதிரிகள். வால்யூம் குமிழைத் திருகும் பாட் (பொட்டென்ஷியோமீட்டர்) முதுகு போர்டின் அடியில் உரசும். வெட்டாமல் விட்ட கால் ஒன்று மூடியைக் குத்தும். மூடியை முடுக்கியதும் சாகும் பெடலுக்குக் காரணம் இதுதான். பேட்டரியின் உலோக உடம்பு கால் சுவிட்சின் முனைகளில் படும். கெட்டியான பிளாஸ்டிக் அட்டை ஒன்றை வெட்டி நடுவே வையுங்கள். செல்லோடேப் வேண்டாம், கால் முனை அதைக் கிழித்துவிடும்.

அடித்தால் ஓடுகிறது, விட்டால் நிற்கிறது

கடற்கரைக்காரர்களுக்கு இது தனிப் பாடம். முட்டம், கடியபட்டணம், குளச்சல் பக்கம் உப்புக் காற்று. அதோடு நம் மாவட்டத்துக்கு ஜூனில் ஒரு மழை, ஐப்பசியில் இன்னொரு மழை. பேட்டரி கிளிப்பில் பச்சை பூக்கும், இன்புட் ஜாக்கின் நடு வளையத் தொடுகை கறுக்கும், அடாப்டர் பின்னை அசைத்தால் கரகரவென்று சத்தம் வரும். கிளிப்பை மாற்றிவிடுங்கள், சுரண்டி மினுக்கினால் அடுத்த மழைக்கு மறுபடி பூக்கும். ஜாக் தொடுகையை ஐசோப்ரோபைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, தளர்ந்திருந்தால் லேசாக உள்ளே வளையுங்கள். ஈயம் வைத்த பிறகு மிஞ்சும் ஃப்ளக்ஸ் பிசினையும் அதே ஆல்கஹாலும் பழைய டூத் பிரஷுமாகத் தேய்த்து எடுங்கள். அந்தப் பிசின் ஈரத்தை இழுத்துத் தடங்களுக்கு நடுவே கசிவு உண்டாக்கும். காலையில் 4.5 இருந்த இடம் மழை நாளில் 3.8 ஆவது அப்படித்தான். தின்னர் போடாதீர்கள், ஜாக்கின் பிளாஸ்டிக்கைத் தின்னும்.

விட்டு விட்டு வரும் கோளாறைப் பிடிக்க என் ஆயுதம் விளக்குமாற்றிலிருந்து உருவிய காய்ந்த ஈர்க்கு. சிவப்பு முனையை ஐசியின் 8-வது காலில் கிளிப்பால் மாட்டிவிட்டு, ஈர்க்கின் நுனியால் ஈயப்புள்ளிகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். எதை அழுத்தும்போது மீட்டரின் எண் துள்ளுகிறதோ அதுதான். மறுபடி சூடாக்கி, புது ஈயம் ஒரு துளி கொடுங்கள். ஈர்க்கு கரண்டைக் கடத்தாது, பக்கத்துத் தடத்தைக் கீறாது, வளைவதால் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதும் விரலுக்குத் தெரியும்.

வண்டி பேட்டரியில் ஓட்டினால்

கேரல் வண்டியில் பிளக் பாயின்ட் கிடையாது. பையன் வேன் பேட்டரியிலிருந்து நேராக இழுக்கலாமா என்று கேட்டான். வேன் பேட்டரி நிற்கும்போது 12.6, எஞ்சின் ஓடும்போது 14-க்கு மேல். டிஎல்072 மட்டும் உள்ள பெடல் அதைத் தாங்கும், 16 வோல்ட் கெப்பாசிட்டர்கள் ஓரத்தில் நின்று தாங்கும், சார்ஜ் பம்ப் வைத்தது நொடியில் போகும். நடுவே ஒரு 7809 ரெகுலேட்டர் வையுங்கள். உள்ளே 11 வோல்ட்டாவது வந்தால்தான் அது 9 தரும், அதனால் பழைய பேட்டரி வண்டியில் எஞ்சினை அணைத்தால் சத்தமும் மங்கும். உள்ளே வரும் பக்கம் அரை ஆம்பியர் ஃபியூஸ் ஒன்று, இரண்டு பக்கமும் 100 நானோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர், வெளியே 100 மைக்ரோஃபாரட். ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது சுருதி ஏறும் கீச்சு கேட்டால் அது ஆல்டர்னேட்டர். பெடலைத் திறக்காதீர்கள், ஆம்ப்புக்கும் பெடலுக்கும் ஒரே இடத்திலிருந்து கிரவுண்ட் எடுத்துப் பாருங்கள்.

பையன் மூடியின் உள்பக்கம் மார்க்கரால் எழுதிக்கொண்டு போனான்: 8-ல் 8.7, 4-ல் 0, 1-லும் 7-லும் 4.3, இழுப்பது 6 மில்லியாம்பியர். அடுத்த டிசம்பரில் அது மறுபடி ஊமையானால் இந்த நாலு எண்ணில் எது மாறியிருக்கிறது என்று அவனே பார்த்துக்கொள்வான்.